பொதுமையும் உடைமையும்: ஜமைக்க இசையில் ‘ரிடிம்’ மரபின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஜமைக்க இசையில், ஒரே இசைப் பின்னணியின்மீது பலர் தத்தம் பாடல்களைப் பாடிப் பதிவுசெய்வது அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவிவரும் வழக்கமாகும். அப்பின்னணி ‘ரிடிம்’ எனப்படுகிறது. இவ்வழக்கத்தை அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து எனப் போற்றுவோர் உளர். முறையற்ற எடுத்தாளல் எனப் பழிப்போரும் உளர். இரு சாராரும் ஒரு வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ரிடிமை வாசித்து உருவாக்கிய இசைக்கலைஞர்கள் இந்தப் பகிர்வில் எந்த இடத்தைப் பெற்றனர் என்பதே அவ்வினா. 1960களின் பிற்பகுதி தொடங்கி அண்மைக்கால வழக்கு வரையுள்ள சில ரிடிம்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜமைக்கா, ரெகே, ரிடிம், ஒலிப்பதிவுக்கூடம், பதிப்புரிமை, கூட்டுப்படைப்பு.

முன்னுரை

1982ஆம் ஆண்டில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல்களுள் ஒன்று ‘பாஸ் த டச்சி’. அதனைப் பாடியோர் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ‘மியூசிகல் யூத்’ என்னும் சிறுவர் குழுவினர். அப்பாடல் முற்றிலும் புதியதன்று. ஜமைக்காவின் ‘மைட்டி டயமண்ட்ஸ்’ குழுவினர் அதற்குச் சற்று முன்னர் வெளியிட்ட ‘பாஸ் த கூச்சி’ என்னும் பாடலின் மறுவடிவமே அது. கஞ்சா புகைக்கும் குடுவையைக் குறித்த ‘கூச்சி’ என்னும் சொல், சிறுவர்கள் பாடுவதற்கேற்பச் சமையல் பானையைக் குறிக்கும் ‘டச்சி’ என மாற்றப்பட்டது. ‘பாஸ் த கூச்சி’யும் தனித்து எழுந்ததன்று. கிங்ஸ்டன் நகரின் ‘ஸ்டூடியோ ஒன்’ ஒலிப்பதிவுக்கூடத்தில் 1960களின் பிற்பகுதியில் பதிவான ‘ஃபுல் அப்’ என்னும் பாடலற்ற இசைப்பதிவே அதற்கு அடித்தளம்.

இம்மூன்று பதிவுகளிலும் சொல் மாறியது, பாடுவோர் மாறினர், நாடும் மாறியது. மாறாது நின்றது பாஸ் கித்தாரின் சில சுரங்களால் ஆன ஒரு வரியும் அதனோடு பிணைந்த தாளமுமே. அந்த பாஸ் வரியை வாசித்தவர் லிராய் சிபிள்ஸ். ‘ஹெப்டோன்ஸ்’ குழுவின் முதன்மைப் பாடகரும் அவரே. எனினும் ‘பாஸ் த டச்சி’யைக் கேட்டு மகிழ்ந்தோருள் பெரும்பாலோர் அவர் பெயரை அறிந்திரார். பாடலின் உயிர்ப்பகுதியைப் படைத்தவர் பாடலின் புகழில் காணப்படாத இந்நிலை தற்செயலானதா, அன்றி ரிடிம் மரபின் அமைப்பிலேயே உள்ளதா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிடிம்: சொல்லும் பொருளும்

தாளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஜமைக்க மக்கள்வழக்கு வடிவமே ‘ரிடிம்’. ஆயினும் அது தாளத்தை மட்டும் குறிப்பதன்று. பாஸ் கித்தார் வரி, டிரம்ஸ் அமைப்பு, இவற்றோடு எதிரடியில் வெட்டிவரும் கித்தார் அல்லது கீபோர்டு ஒலி ஆகியன சேர்ந்த முழுப் பின்னணியையும் அச்சொல் சுட்டும். இவற்றுள் பாஸ் வரியே பெரும்பாலும் ரிடிமின் அடையாளமாகும். அதன் முதற்சில சுரங்களைக் கேட்டதுமே ஆடுகளத்தில் கூடியிருப்போர் அதன் பெயரைக் கூறிவிடுவர்.

ஒவ்வொரு ரிடிமுக்கும் ஒரு பெயர் உண்டு. முதன்முதலாக அதன்மீது பாடப்பட்ட பாடலின் பெயரோ, அதனைப் பரப்பிய பாடலின் பெயரோ, பாடலற்ற மூலப்பதிவின் பெயரோ அவ்வாறு நிலைபெறும். ‘ரியல் ராக்’, ‘ஸ்டாலக்’, ‘ஸ்லெங் டெங்’ என்பன அத்தகைய பெயர்கள்.

தமிழில் இதனை ‘மெட்டு’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. மெட்டு என்பது சொற்கள் ஏறிச்செல்லும் பாட்டின் இசைவடிவம். பழைய மெட்டில் புதுப்பாடல் எழுதும்போது சொற்கள் மாறும். குரல் செல்லும் வழி மாறாது. ரிடிம் வழக்கிலோ குரல் செல்லும் வழியும் பாடகருக்குப் பாடகர் வேறுபடும். குரலுக்குக் கீழுள்ள தளம் மட்டுமே நிலைத்திருக்கும். இவ்வேறுபாடு கருதி ‘ரிடிம்’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

ஆடுகளமும் இருதடப் பதிவும்

ரிடிம் மரபு தோன்றிய இடம் கச்சேரி மேடையன்று, தெருவோர ஆடுகளமாகும். 1940களின் இறுதி முதல் கிங்ஸ்டனின் ஏழை எளியோர் வாழ்ந்த பகுதிகளில் ‘சவுண்ட் சிஸ்டம்’ எனப்படும் நடமாடும் ஒலிபெருக்கிக் குழுக்கள் பெருகின. இசைக்குழுவை அமர்த்தப் பொருளில்லாதோர்க்கு, இசைத்தட்டும் பெரிய ஒலிபெருக்கிகளுமே கொண்டாட்டத்தை வழங்கின. இக்குழுக்களை நடத்தியோருள் டியூக் ரீடும் கிளெமென்ட் காக்சன் டாடும் முதன்மையானோர். தம் ஆடுகளத்திற்குப் பிறரிடம் இல்லாத பாடல்கள் வேண்டும் என்னும் போட்டியே இவர்களை ஒலிப்பதிவுத் தொழிலுக்கு இட்டுச்சென்றது. டாட் 1963இல் பிரென்ட்ஃபோர்டு சாலையில் ஸ்டூடியோ ஒன்னை நிறுவினார். ரீட் பாண்ட் தெருவில் ‘டிரெஷர் ஐல்’ கூடத்தை நடத்தினார்.

பாடலிலிருந்து பின்னணி தனியே பிரிந்த நிகழ்வு பற்றி ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. ஸ்பானிஷ் டவுன் நகரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரூடி ரெட்வுட் என்பவருக்காக, ‘பாரகான்ஸ்’ குழுவினரின் ‘ஆன் த பீச்’ பாடலைத் தட்டில் வெட்டித் தரும்போது, டிரெஷர் ஐல் கூடத்தின் ஒலிப்பதிவாளர் குரலைச் சேர்க்காது விட்டுவிட்டார். ரெட்வுட் அதனை அப்படியே ஆடுகளத்தில் ஒலிக்கவிட, கூடியிருந்தோர் விடுபட்ட பாடலைத் தாமே பாடினர். 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இதன் விவரங்கள் சொல்வோருக்கேற்ப வேறுபடுகின்றன. ஆயினும் இதற்கு இடமளித்த தொழில்நுட்பம் தெளிவானது. அக்காலத்தில் கருவியிசை ஒரு தடத்திலும் குரல் மற்றொரு தடத்திலும் பதிவாயின. ஒன்றை அடைத்தால் மற்றொன்று தனித்து நிற்கும்.

குரல் நீங்கிய அவ்வெளியில் புதிய குரல்கள் நுழைந்தன. ஆடுகளத்தில் ஒலிவாங்கியைப் பற்றி இசைமீது பேசியும் இசைத்தும் கூட்டத்தை எழுப்புவோர் ஜமைக்காவில் ‘டீஜே’ எனப்பட்டனர். அவர்களுள் யூ-ராய் எனப்படும் யூவர்ட் பெக்ஃபோர்டு, 1970இல் டிரெஷர் ஐலின் பழைய பதிவுகள்மீது தம் குரலைப் பதித்தார். அவ்வாறு உருவான அவருடைய மூன்று இசைத்தட்டுகள் ஜமைக்க விற்பனைப் பட்டியலின் முதல் மூன்று இடங்களை ஒருசேரப் பிடித்தன. ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த பாடலின் பின்னணியை மீண்டும் விற்கலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் உணர்ந்துகொண்டனர். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடலும் மறுபக்கத்தில் ‘வெர்ஷன்’ எனப்படும் குரலற்ற வடிவமும் இடம்பெறுவது வழக்கமாயிற்று.

பகிர்வின் பயன்கள்

1974இல் ரூபி எட்வர்ட்ஸ் வெளியிட்ட ‘யமஹா ஸ்காங்க்’ என்னும் தொகுப்பு, முழுவதும் ஒரே ரிடிமின்மீது அமைந்த முதல் நெடுந்தட்டு எனக் கருதப்படுகிறது. ஸ்லிம் ஸ்மித்தும் ‘யூனிக்ஸ்’ குழுவினரும் 1968இல் பாடிய ‘மை கான்வர்சேஷன்’ பாடலின் பின்னணியே அத்தொகுப்பின் அனைத்துப் பதிவுகளுக்கும் தளமாயிற்று. பிற்காலத்தில் ஒரு ரிடிமுக்குப் பத்து, இருபது பாடல்கள் என்பது இயல்பாயிற்று.

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. கூடத்தின் வாடகையும் இசைக்கலைஞர் ஊதியமும் ஒருமுறை செலவிட்டால் போதும். பாடல்கள் பல கிடைக்கும். எனினும் அதனை வெறும் சிக்கனமாகக் காணலாகாது. ஆடுகளத்தில் ஒரே ரிடிமின் பாடல்களை இடைவெளியின்றி அடுத்தடுத்து ஒலிக்கச்செய்யும்போது ஆடுவோரின் அடி தடைப்படுவதில்லை. பாடகர்களின் திறன் வேறுபாடும் தெளிவாகப் புலப்படும். ஒரே தளத்தில் நிற்கும் பலருள் மிக்கவர் யார் என்பதைக் கூட்டமே தீர்மானித்தது. இசைக்குழுவோ பணமோ இல்லாத இளைஞனும், புகழ்பெற்ற பாடகருக்கு வாய்த்த அதே பின்னணியில் தன் குரலைச் சோதிக்க முடிந்தது. ஜமைக்கா போன்ற ஒரு சிறிய தீவிலிருந்து இத்துணைப் பாடகர்கள் தோன்றியமைக்கு இவ்வாய்ப்பும் ஒரு காரணமாகும்.

பகிர்வு ஒரே கூடத்தின் எல்லைக்குள் நிற்கவுமில்லை. 1970களின் நடுவில், மேக்ஸ்ஃபீல்டு நிழற்சாலையில் ஹூ கிம் சகோதரர்கள் நடத்திய ‘சேனல் ஒன்’ கூடத்தினர், ஸ்டூடியோ ஒன் ரிடிம்கள் பலவற்றைத் தம் கலைஞர்களைக் கொண்டு புதிதாக வாசித்துப் பதிவுசெய்தனர். இதனால் ரிடிமில் ஈரடுக்கு உரிமை இருந்தமை விளங்கும். ஒலிநாடா என்னும் பொருள் கூட உரிமையாளருக்கு உரியது; அதனைப் பிறர் எடுக்கவியலாது. ஆனால் அந்நாடாவில் பதிந்திருந்த பாஸ் வரியை எவரும் மீண்டும் வாசிக்கலாம். முன்னது உடைமை, பின்னது பொதுமை.

வாசித்தோர் நிலை

இவ்வீரடுக்கில் இசைக்கலைஞர்க்கு எங்கும் இடமில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. நாடா அவர்களுடையதன்று. நாடாவில் உள்ள கருத்தோ அனைவருக்கும் பொது. கூடத்தில் வாசித்தமைக்கு ஊதியம் கிடைத்தது. அதன்பின் அந்த ரிடிம் நூறு பாடல்களாகப் பெருகினும் அவர்களுக்குச் சேர்வது ஒன்றுமில்லை.

சட்டமும் இந்நிலைக்குத் துணைநின்றது. 1962இல் விடுதலை பெற்ற ஜமைக்காவில், பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே மேலும் முப்பது ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருந்தது. நாட்டின் சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டின் ஐரோப்பிய இசைக் கருத்தின்படி ஒரு படைப்பு என்பது எழுதப்பட்ட சொல்லும் பாடத்தக்க இசைவடிவும் ஆகும். பாஸும் டிரம்ஸும் அதற்கு ஒப்பனை மட்டுமே. ஜமைக்காவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்கு நிலைத்து நின்றது பின்னணி. வந்து சென்றவை பாடல்கள். படைப்பின் நிலையான பகுதியைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

‘ஸ்டாலக்’ ரிடிமின் வரலாறு மற்றோர் இழப்பையும் காட்டுகிறது. ஆன்செல் காலின்ஸ் கீபோர்டு வாசிக்க, வின்ஸ்டன் ரைலி தயாரித்து 1973இல் வெளியான ‘ஸ்டாலக் 17’ என்னும் இசைப்பதிவே அதன் மூலம். 1982இல் சிஸ்டர் நான்சி அதன்மீது ‘பாம் பாம்’ பாடினார். 1985இல் டெனர் சா ‘ரிங் தி அலார்ம்’ பாடினார். இரண்டும் இன்றளவும் ஆடுகளங்களில் ஒலிக்கின்றன. ‘பாம் பாம்’ அமெரிக்கத் திரைப்படத்திலும் விளம்பரத்திலும் பயன்பட்டது. பிற்காலப் பாடல்கள் பலவற்றில் அதன் துணுக்குகள் எடுத்தாளப்பட்டன. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்கு அப்பாடலால் உரிமைத்தொகை கிடைக்கவில்லை என்று சிஸ்டர் நான்சி நேர்காணல்களில் கூறியுள்ளார். 2014இல் அப்பாடலை ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் கேட்ட பின்னரே அவர் தம் உரிமையைக் கோரிப் பெற்றார். இங்கு இழந்தவர் வாத்தியக் கலைஞர் அல்லர், பாடகர். ஆகவே பொதுமையின் பயன் வாசித்தோருக்கு மட்டுமன்றிப் பாடியோருக்கும் சமமாகச் சென்று சேரவில்லை எனலாம்.

1985: கருவியின் வருகை

1985இல் கிங் ஜாமி எனப்படும் லாயிட் ஜேம்ஸ் தயாரித்து, வெய்ன் ஸ்மித் பாடி வெளியான ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ ரிடிம் வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்ளப்படுகிறது. அதில் பாஸ் கித்தாரும் இல்லை; டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லை. ஜப்பானின் காசியோ நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டிற்கென 1981இல் வெளியிட்ட ‘எம்டி-40’ என்னும் சிறிய மின்னணுக் கீபோர்டில், ‘ராக்’ என்னும் பெயரில் முன்பே அமைக்கப்பட்டிருந்த தாளமே அதன் அடிப்படை. வெய்ன் ஸ்மித்தும் அக்கீபோர்டை வைத்திருந்த நோயல் டேவியும் அத்தாளத்தைக் கண்டெடுத்தனர். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவுசெய்தார். அத்தாளத்தை அமைத்தவர் காசியோவில் பணியாற்றிய ஒகுடா ஹிரோகோ என்னும் இளம்பெண். இசைக்கல்லூரியில் பயின்று அந்நிறுவனத்தில் சேர்ந்த அவர், மாணவப் பருவத்திலேயே ரெகே இசையில் ஈடுபாடு கொண்டவர்.

இதன் விளைவு இருவகைப்பட்டது. ஒருபுறம், கூடத்தில் ஐந்தாறு கலைஞர்களை அமர்த்தும் தேவை குறைந்தது. ஊதியம் ஒன்றையே பெற்றுவந்தவர்கள் அதனையும் இழக்கலாயினர். மறுபுறம், ரிடிமை உருவாக்குவோர் ஒருவர் அல்லது இருவராகச் சுருங்கியதால், அதனைப் படைத்தவர் இன்னார் எனச் சுட்டுவது எளிதாயிற்று. பலர் கூடி வாசித்த காலத்தில் மங்கியிருந்த பெயர் இப்போது துலங்கியது.

ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டென் உருவாக்கி 2002இல் வெளிவந்த ‘தீவாளி’ ரிடிம் இதற்குச் சான்றாகும். 1845 முதல் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற இந்தியரின் வழிவந்தோர் வாழும் ஜமைக்காவில், தீபாவளியின் பெயரைத் தாங்கிக் கைத்தட்டொலியை முதன்மையாகக் கொண்டது அது. அதன்மீது அமைந்த ஷான் பாலின் ‘கெட் பிஸி’ 2003இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. வெய்ன் வொண்டர், லுமிடி ஆகியோர் அதே ரிடிமின்மீது பாடிய பாடல்களும் முதல் இருபது இடங்களுக்குள் வந்தன. ‘கெட் பிஸி’யின் ஆக்கியோர் பட்டியலில் பாடகரோடு மார்ஸ்டெனின் பெயரும் இடம்பெற்றது. ரிடிமை ஆக்கியோர்க்கு ஸ்டூடியோ ஒன் காலத்தில் எளிதில் வாய்க்காத இடம் இது.

நீதிமன்றத்தில் ரிடிம்

ஸ்டீலி எனப்படும் விக்ளிஃப் ஜான்சனும் கிளீவி எனப்படும் கிளீவ்லண்ட் பிரவுனும் 1980களின் பிற்பகுதியில் மின்னணு ரிடிம்களின் முதன்மை ஆக்குநர்கள். கிரெகரி பெக் பாடிய ‘போகோ மேன் ஜாம்’ பாடலுக்காக 1989இல் அவர்கள் அமைத்த ரிடிம் ‘ஃபிஷ் மார்க்கெட்’ எனப்படுகிறது. அதன் சாயலைக் கொண்ட பின்னணியில், பாபி டிஜிட்டல் தயாரிப்பில் ஷபா ரேங்க்ஸ் ‘டெம் போ’ பாடினார். பனாமா, நியூயார்க், புவெர்த்தோ ரிக்கோ வழியாக ஸ்பானிய மொழிப் பாடல்களில் பரவிய அத்தாளம், இன்று உலகெங்கும் கேட்கப்படும் ‘ரெகேடோன்’ இசையின் முதுகெலும்பாயிற்று. அத்தாளத்தின் பெயரே ‘டெம்போ’ என நிலைத்துவிட்டது.

2009இல் ஸ்டீலி மறைந்தார். 2021இல் கிளீவியும் ஸ்டீலியின் உரிமை வாரிசுத் தரப்பினரும் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெகேடோன் பாடல்கள் ‘ஃபிஷ் மார்க்கெட்’டிலிருந்து பிறந்தவை என்பது அவர்களின் வாதம். புகழ்பெற்ற பாடகர்களும் நிறுவனங்களுமாக 150க்கும் மேற்பட்டோர் எதிர்த்தரப்பில் சேர்க்கப்பட்டனர். பொதுவான தாளக்கூறுகளை எவரும் உரிமை கொண்டாட இயலாது என்பது எதிர்வாதம். வழக்கைத் தொடக்க நிலையிலேயே தள்ளிவிட 2024 மே மாதத்தில் நீதிபதி மறுத்தார்.

இவ்வழக்கில் ஒரு முரண் உள்ளது. ஸ்டீலியும் கிளீவியுமே பொதுமையால் வளர்ந்தவர்கள். ஸ்டூடியோ ஒன் பாடல்களை மறுஆக்கம் செய்து 1992இல் அவர்கள் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அதில் டான் பென் மீண்டும் பாடிய பாடல் 1994இல் உலகப்புகழ் பெற்றது. அவர் 1967இல் ஸ்டூடியோ ஒன்னில் பாடிய அப்பாடலுக்கு, அமெரிக்க ப்ளூஸ் பாடகர் வில்லி காப்ஸின் 1960ஆம் ஆண்டுப் பாடல் மூலம். அதற்கும் முன்னோடி போ டிட்லியின் 1955ஆம் ஆண்டுப் பாடல். இச்சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பற்றி ‘இதுவே தொடக்கம்’ எனல் எளிதன்று. ஒவ்வொரு கண்ணியிலும் உரிமை கோரப்பட்டிருப்பின் இச்சங்கிலியே நீண்டிராது என்பதும் உண்மை.

ஆயினும் இம்முரணைக் கொண்டே வழக்காடுவோரின் கோரிக்கையைப் புறந்தள்ளல் முறையாகாது. கிங்ஸ்டனின் கூடங்களுக்கிடையே ரிடிம் சென்றபோது அது சுற்றிவந்தது. இன்று கொடுத்தவர் நாளை எடுப்பார். எடுத்தவரும் அதே ஆடுகளத்தில், அதே மக்கள் முன்னிலையில் நிற்பார். கணக்கில் நேர்மை குறைந்தபோதும் உறவில் ஒரு சுழற்சி இருந்தது. அத்தீவின் எல்லையைக் கடந்து பெருநிறுவனங்களின் வணிகத்துள் ரிடிம் நுழையும்போது அச்சுழற்சி அறுகிறது. எடுத்தவர் தம் பதிவுகளை முழுமையான சட்டப் பாதுகாப்புக்குள் வைத்துக்கொள்கிறார். மூலத்தை மட்டும் பொது என்கிறார். பொதுமை ஒருவழிப் பாதையாகிவிட்டால் அது பொதுமையன்று.

பீட்டர் மேனுவலும் வெய்ன் மார்ஷலும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ரிடிம் முறையை ஒரு தனித்த படைப்பு நெறியாக விளக்கியது. லரிசா கிங்ஸ்டன் மேன் 2022இல் வெளியிட்ட நூல், பதிப்புரிமைச் சட்டத்தின் குடியேற்ற ஆதிக்க வேர்களை ஆராய்ந்தது. இவ்வாய்வுகள் பகிர்வின் சிறப்பைச் சரியாகவே நிறுவின. அவற்றோடு வாசித்தோரின் கணக்கையும் சேர்த்தெண்ணுதல் தேவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

முடிவுரை

ரிடிம் மரபு பொதுச்சொத்தாக விளங்கியமை உண்மை. அப்பொதுமை ஏழைப் பாடகர்களுக்கு வாயிலைத் திறந்தது, ஆடுகளத்திற்கு உயிரூட்டியது, ஒரு தீவின் இசையை உலகின் இசையாக்கியது. ஆனால் அது விலையின்றிக் கிடைத்ததன்று. ஒருமுறை ஊதியம் பெற்று அகன்ற இசைக்கலைஞர்களே அவ்விலையைச் செலுத்தினர்.

எனவே ரிடிமைப் பூட்டிவைப்பதா, எவரும் எடுக்க விட்டுவிடுவதா என்னும் வினா குறையுடையது. எடுக்கும் உரிமை வேறு. எடுத்ததன் வருவாயில் பங்கு பெறும் உரிமை வேறு. முன்னதைத் திறந்துவைத்துப் பின்னதை வரையறுத்தல் இயலும் என்பதற்கு, ‘தீவாளி’ ரிடிமின்மீது பலர் பாடியபோதும் அதன் ஆக்குநர் பெயர் நிலைத்தமையே சான்று. 2015இல் ஜமைக்கா தன் பதிப்புரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 95 ஆண்டுகளாக நீட்டித்தது. உரியவர் யார் என்பதே சரிவரப் பதிவாகாத பதிவுகளுக்கு, காலநீட்டிப்பு நாடாவை வைத்திருப்போருக்கே பயன்தரும்.

2018இல் ஜமைக்காவின் ரெகே இசை, யுனெஸ்கோவின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அம்மரபின் வரலாற்றை எழுதுவோர் பாடலை அலகாகக் கொள்வதோடு நில்லாது ரிடிமையும் அலகாகக் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு ரிடிமிலும் பாஸ், டிரம்ஸ், கித்தார், கீபோர்டு வாசித்தோர் யாவர் என்பதை, அவர்களுள் எஞ்சியுள்ளோர் வாழும் காலத்திலேயே கேட்டுப் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும். உரிமைத்தொகையை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். பெயரை மீட்டளிப்பது ஆய்வாளரின் கடமை.